பலகையில் வைத்த கை

இதை எனக்கு முதலில் சொன்னது பிலோமினா. போன தவக்காலத்தில், எங்கள் தெருவில் வீடு வீடாகச் செபமாலை சொல்லிவந்த வாரம் அது. அன்றைக்கு என் வீட்டு முறை. எல்லாரும் சுக்குக் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அவள் மட்டும் டம்ளரைக் கழுவுகிறேன் என்று உள்ளே வந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்காரருக்காக செபமாலையில ஒரு பத்து மணி தனியாச் சொல்லுங்கக்கா" என்றாள்.

"ஏன், உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லைக்கா" என்றுதான் இதை ஆரம்பித்தாள்.

சொல்லச் சொல்ல டீச்சர், டீச்சர் என்றே சொல்லிக்கொண்டு போனாள். அந்தப் பெண்ணின் பேர் என்ன என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் வீட்டில் கேட்டு வந்துதான் சொன்னாள். நாகஜோதி.

பிலோமினாவின் வீட்டுக்காரர் வியாகுலசாமி. திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். சட்டை கசங்காமல் வேலைக்குப் போய், கசங்காமல் திரும்பி வந்த மனிதர். ஒரு நாள் மில்லை மூடிவிட்டார்கள். ஐம்பது தாண்டியவரை வேறு மில்லில் யாரும் உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள்.

"இணையப் பக்கம் செய்யக் கத்துக்கங்கப்பா, வீட்டுல இருந்தே பார்க்கலாம்" என்று வெளியூரில் இருந்த மூத்த மகன் போனில் சொன்னான். அவன் ஏதோ பேச்சுக்குச் சொன்னது. இவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு பெயின்ட் கடை. அதன் மாடியில் தனபாலன் என்பவர் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் நடத்திவந்தார். அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தவள்தான் நாகஜோதி. முப்பது வயதுகூட ஆகவில்லை. இவருக்கு மகள் வயது. ஆனாலும் இவர் அவளை டீச்சர் என்பார், அவள் இவரை சார் என்பாள்.

"இங்க யாரு வாத்தியார்னே தெரியலையே" என்று கூடப் படித்த பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

"தெரியாட்டிப் பரவாயில்லை. ஃபேன் எல்லாருக்கும் பொதுவாத்தான் சுத்துது" என்பாள் அவள்.

முதல் நாள் அவர் ஒரு பை நிறையக் கொண்டுபோனார். மகன் அனுப்பிய புத்தகங்களை அச்செடுத்து வைத்திருந்தார். பென் டிரைவில் வீடியோக்கள். எந்தெந்தப் பக்கத்தில் இலவசமாகப் படிக்கலாம் என்று எழுதிய தாள்கள்.

"டீச்சர், ஸ்டைல் ஷீட் கத்துக்க இதுல எது நல்லது? எதுல ஆரம்பிக்கட்டும்?"

எனக்கு இந்த விஷயமெல்லாம் தெரியாது. பிலோமினா சொன்ன அளவில் சொல்கிறேன். இணையப் பக்கத்தில் எழுத்து தனி, அலங்காரம் தனியாம். எது சிவப்பு, எது பெரிசு, எது எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் வேறொரு கோப்பில் இருக்குமாம். அந்தக் கோப்புக்குப் பேர்தான் ஸ்டைல் ஷீட்.

நாகஜோதி அந்தப் பையைத் தொடவில்லை. ஊரில் இருந்த ஒரு கல்யாண மண்டபத்தின் பக்கத்தைத் திரையில் திறந்தாள். தங்க நிறத்தில் எழுத்து, ஓரமெல்லாம் பூ. அதன் உள்ளே போய், ஸ்டைல் ஷீட்டைக் கூப்பிடும் ஒரே ஒரு வரியை எடுத்தாள்.

பூவும் போனது, தங்கமும் போனது. வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்துக்கள் இடது ஓரமாக ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.

"ஐயோ, அவங்க பக்கத்தைக் கெடுத்துட்டீங்களே" என்றார் வியாகுலசாமி.

"நம்ம திரையில மட்டும்தான் சார். திரும்பத் திறந்தா வந்திரும். இப்ப எப்படி இருக்கு?"

"பார்க்க நல்லா இல்லை."

"படிக்க முடியுதா?"

"முடியுது."

"படிங்க."

படித்தார். பாதிக்குமேல் போனபோது வேறொரு ஊர் மண்டபத்தின் பேரும் விலாசமும் வந்தது. யாரோ செய்த பக்கத்தை அப்படியே எடுத்து, பழைய பேரைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து, இவர்கள் பேரை மேலே போட்டிருக்கிறார்கள். வகுப்பே சிரித்தது. வியாகுலசாமியும் சிரித்தார்.

"தினமும் ஒரு பக்கத்தை இப்படிச் சுரண்டிப் பாருங்க. அப்புறம் பையைத் திறக்கலாம்" என்றாள்.

கீழே பெயின்ட் கடை இருந்ததால் அந்தப் பேச்சு அங்கே ஒட்டிக்கொண்டது. பெயின்ட் சுரண்டாமல் வகுப்பு ஆரம்பிக்காது. ஒவ்வொரு நாளும் ஒருவர் முறை.

ஒரு நாள் வியாகுலசாமி கேட்டார்.

"டீச்சர், இந்த மண்டபத்துக்காரன் அந்தப் பேரை அழிச்சே இருக்கலாமே. எதுக்கு மெனக்கெட்டு மறைக்கணும்? அழிக்கிறதுக்கும் மறைக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்? பார்க்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதானே?"

நாகஜோதி வெள்ளைப் பலகையில் ஒரு சொல் எழுதினாள். அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"தெரியுதா?"

"தெரியலை."

"சரி, போய் டீ குடிச்சிட்டு வாங்க எல்லாரும்."

கீழே போய் டீ குடித்தார்கள். வடை சூடாக இருந்தது. பேச்சு எங்கெங்கோ போனது. மேலே வந்தபோது அவள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். கை பலகையிலேயே இருந்தது. மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். நெற்றியில் வேர்வை.

"என்ன டீச்சர், நீங்க டீக்கு வரலையா?" என்றார் இவர்.

"அழிச்சிருந்தா வந்திருப்பேன் சார்."

பிள்ளைகள் சிரித்தார்கள். இவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதியதோடு சரி.

நாகஜோதி தமிழிலேயே பாடங்கள் எழுதி அந்த நிலையத்தின் பக்கத்தில் போட்டுவந்தாள். ஸ்டைல் ஷீட் படிக்க நினைக்கிற யாரும் திறந்து படிக்கலாம். தூரத்து ஊர்களில் இருந்து, பிள்ளை தூங்கும் நேரத்தில் படித்தேன் என்று பெண்கள் எழுதுவார்கள். ஒவ்வொரு பாடத்தின் அடியிலும் ஒரு வரி இருக்கும். எழுதியவர் மு. நாகஜோதி, சந்தேகம் இருந்தால் கேளுங்கள். முதல் பாடம் என்ன தெரியுமா? ஒரு பக்கத்தின் அலங்காரத்தை எடுத்துவிட்டுப் படிப்பதுதான்.

அந்தக் கோடையில் தனபாலன் மாடிப்படியில் பெரிய பேனர் கட்டினார். படித்த அத்தனை பேருக்கும் வேலை நிச்சயம் என்று போட்டிருந்தது. மகளைச் சேர்க்க வந்த ஒரு தாய் அதைப் படித்துவிட்டு நாகஜோதியிடம் கேட்டாள்.

"நெசமாவே எல்லாருக்கும் வேலை கிடைக்குமாம்மா? தோட்டத்தை ஒத்திக்கு வச்சு வந்திருக்கோம்."

"எல்லாருக்கும் கிடைக்காதுங்கம்மா. நல்லாக் கத்துக்குவா. அதுக்கு நான் பொறுப்பு."

அந்தத் தாய் மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். தனபாலன் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் நாகஜோதி அங்கே இல்லை.

வியாகுலசாமியைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"நீங்க மில்லுல ஆளுங்களை மேய்ச்சவர். வயசும் இருக்கு, பெத்தவங்க நம்புவாங்க. நாளையில இருந்து வகுப்பை நீங்க எடுங்க" என்றார் தனபாலன்.

"டீச்சர்?"

"அது போயிருச்சு. அந்தப் பாடங்கள்ல அது பேரை அழிச்சிட்டு உங்க பேரைப் போட்டிருங்க. சந்தேகம் கேக்கிறவங்க உங்களைக் கேக்கட்டும்."

அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து சொன்னதும் பிலோமினா சட்டைக்குக் கஞ்சி போட்டாள். வெகுநாளைக்குப் பிறகு இஸ்திரிப் பெட்டி சூடானது. மாதாவுக்கு மெழுகுவத்தி கொளுத்தினாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பாடப் பக்கத்தின் உள்ளே போனார். எழுதியவர் மு. நாகஜோதி. அழிக்கப் போனார், விரல் போகவில்லை. சாப்பாடு போட்ட கை மாதிரி அல்லவா, எப்படி அழிப்பது? அந்த வரியை அப்படியே விட்டார். ஸ்டைல் ஷீட்டில் மட்டும் ஒரு வரி சேர்த்தார். 'டிஸ்ப்ளே நன்.' காட்டாதே என்று அதற்கு அர்த்தமாம். மேலே தன் பேரைப் போட்டார்.

"நான் அழிக்கலை. உள்ள அப்படியே இருக்கு" என்று பிலோமினாவிடம் சொன்னார்.

"நல்ல காரியம் பண்ணீங்க. அந்தப் புள்ளைக்குத் துரோகம் ஆயிரக்கூடாது" என்றாள் அவள்.

இதைச் சொல்லும்போது பிலோமினா என் முகத்தைப் பார்க்கவில்லை. டம்ளரையே கழுவிக்கொண்டிருந்தாள்.

வகுப்பு எடுத்தார். பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். தெரியாததைக் கேட்டால், நாளைக்குச் சொல்றேன் என்பார். வீட்டுக்கு வந்து நாகஜோதிக்குப் போன் போடுவார். அவள் அப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நின்றே பார்க்கும் வேலை. ஆனாலும் பொறுமையாகச் சொல்வாள்.

"பெட்டி ரெண்டும் ஒட்டிக்கிட்டு நிக்குதா சார்? நடுவுல இடம் விடச் சொல்லலை நீங்க. அதான்."

"ஆமா டீச்சர். நன்றி டீச்சர்."

"நம்ம பக்கத்துல புதுசா யாரும் எழுதியிருக்காங்களா சார்? எனக்குத் திறந்து பார்க்க நேரமே இல்லை."

"எழுதுறாங்க டீச்சர். நல்லா இருக்குன்னு எழுதுறாங்க."

யாருக்கு எழுதுகிறார்கள் என்று அவர் சொல்லவில்லை.

வகுப்பில் ஒரு தொந்தரவு வந்தது. பிள்ளைகள் தினமும் ஒரு பக்கத்தைச் சுரண்டிப் பார்த்துப் பழகினவர்கள். ஒரு காலையில் ஒரு பெண் எழுந்து, "சார், இன்னைக்கு நம்ம பாடப் பக்கத்தையே சுரண்டலாமா?" என்றாள்.

"வேண்டாம்."

"ஏன் சார்?"

"அதெல்லாம் சிலபஸ்ல இல்லை. அந்தப் பழக்கமே இனிமே வேண்டாம். நேரம் வீணாகுது."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் முதல் பாடம் அதைத்தானே செய்யச் சொல்கிறது? அன்று சாயங்காலம் முதல் பாடத்துக்கும் அதே வரியைப் போட்டார். அதுவும் மறைந்தது. அப்புறம் எட்டாம் பாடத்தில் முதல் பாடத்தைப் பற்றி ஒரு பேச்சு வருகிறது என்று கண்டுபிடித்தார். அதையும் மறைத்தார். பெண்கள் பழைய டீச்சருக்கு எழுதியிருந்ததை மறைத்தார். தினமும் ஏதாவது ஒன்று மேலே வந்துகொண்டே இருந்தது.

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் கேட்டான். "சார், பாடம் ரெண்டுல இருந்துதான் ஆரம்பிக்குது. ஒண்ணு எங்க சார்?"

"ஒண்ணு உனக்குத் தேவையில்லை. உக்காரு."

சாப்பிடும்போது திடீரென்று எழுந்துபோய்க் கம்ப்யூட்டரைத் திறப்பார். ஞாயிறு பூசையில் நன்மை அப்பம் வாங்கக்கூட எழுந்திருக்கவில்லை. பிலோமினா கேட்டதற்குக் கால் வலி என்றார்.

பிறகு நாகஜோதி போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். ஒரு வாரம் போட்டுப் பார்த்தார். அடித்து அடித்து நின்றது.

ஜவுளிக்கடைக்கே போனார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய இடத்தில், கடையில் வேலை பார்க்கும் பெண்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாகஜோதி சுவரோரம் இருந்தாள். கடை கொடுத்த மெரூன் சேலை. டிபன் பாக்ஸில் தயிர்சாதம்.

"வாங்க சார். சாப்பிட்டீங்களா?"

"போனை எடுக்க மாட்டேங்கிறீங்களே டீச்சர். எம்மேல கோபமா?"

அவள் ஒரு அட்டைப்பெட்டியை இழுத்து அவர் உட்காரப் போட்டாள்.

"கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனியில கூப்பிட்டிருந்தாங்க. பாடம் எழுதுற வேலை. இதுவரைக்கும் எழுதினதைக் காட்டுன்னாங்க. நம்ம பக்கத்தைத் திறக்கச் சொன்னேன்."

வியாகுலசாமி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பேரு இருந்துச்சு சார்."

"டீச்சர், நான் அழிக்கலை. அவர் அழிக்கத்தான் சொன்னார். எனக்கு மனசு வரலை. உள்ள இருக்கு. இந்தா பாருங்க." அவசரமாகப் போனை எடுத்துத் திறந்தார்.

"தெரியும். அங்க இருந்த ஒருத்தர் நல்ல மனுஷர். நான் சொன்னேன்னு சுரண்டிப் பார்த்தார். என் பேரு இருந்துச்சு."

"அப்ப நல்லதாப் போச்சே டீச்சர்."

"பக்கத்துல ஒரு அம்மா இருந்தாங்க. அழிக்காம மறைச்சு வச்சிருக்காங்கன்னா நீ அங்க என்ன தப்பும்மா பண்ணினேன்னு கேட்டாங்க."

சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ துணி கிழிக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? நான் பொய் சொல்றேன்னு நினைச்சிருந்தாக்கூட எந்திரிச்சு வந்திருப்பேன். அவங்க என்னைப் பார்த்த பார்வை வேற. எதையோ திருடிட்டுப் பிடிபட்டவளைப் பார்க்கிற மாதிரி. பரிதாபமா வேற இருந்துச்சு அவங்களுக்கு. மோர் குடுத்தாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். போன் மடியில் இருந்தது. பாடப் பக்கம் திறந்தபடி, உச்சியில் அவர் பேரோடு.

"நான் இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க டீச்சர். நீங்க சொல்றதைச் செய்றேன்."

"தெரிய வைங்க."



"தனபாலன் எப்படிப்பட்ட ஆளுன்னு உங்களுக்குத் தெரியும். இந்த வயசுல என்னை இனி யாரு உக்கார வைப்பா? பிலோமினா இப்பத்தான் கொஞ்சம் சிரிக்கிறா."

"அப்ப அழிச்சிருங்க சார்."

"ஐயோ, அது பாவம் டீச்சர். அதை மட்டும் சொல்லாதீங்க."

"எனக்குப் பேரு வேண்டாம். நானேதான் கேக்கிறேன். முழுசா எடுத்திருங்க. நான் வேற எங்கயாச்சும் மொதல்ல இருந்து எழுதிக்கிறேன்."

"என்னால முடியாது. உங்க எழுத்துல நான் எப்படிக் கை வைப்பேன்? நீங்க எனக்குக் குரு."

அவள் தயிர்சாதத்தைப் பாதியோடு மூடினாள். முன்பக்கமிருந்து ஒரு குரல், "மூணாம் நம்பர், சாப்பிட்டு முடிக்கலையா? கூட்டம் நிக்குது" என்றது. அங்கே அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள், கவுண்டர் நம்பரை வைத்து.

அவள் எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டாள். வியாகுலசாமி எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த போனின்மேல், அவருக்கே தெரியாமல், உள்ளங்கையை வைத்து மூடியிருந்தார்.

அவள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வலிக்கலையா சார்?" என்றாள்.

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. முன்பக்கம் போய்விட்டாள்.

பிலோமினா கேட்ட பத்து மணியை அன்றைக்கே சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். அந்த வரிகள் இன்னும் மறைந்தே இருக்கின்றன என்று போன வாரம் பிலோமினா சொன்னாள். உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இதை யாரிடமாவது சொன்னால், ஒரு டீச்சர் இருந்தாள் என்று ஆரம்பிக்காதீர்கள். நாகஜோதி என்று சொல்லுங்கள்.